இரட்சிப்பைத் தேடி வாசிப்பவருக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? பழைய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும்

சென்ற ஆண்டு இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் அத்தான், பார்க்கப் போயிருந்த என்னிடம் மருந்தைப் பற்றியோ செலவைப் பற்றியோ பேசவில்லை. “மாப்ளே, குழந்தையில ஞானஸ்நானம் எடுத்தாச்சு, பதினஞ்சு வயசுல திடப்படுத்தல் ஆச்சு, அன்னையிலிருந்து ராப்போஜனம் தவறினதில்ல. ஆனா நீ இரட்சிக்கப்பட்டவனான்னு யாராவது கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியலையே” என்றார். இயேசுவின் கடைசி இரவு உணவை நினைத்துச் சபையார் அப்பமும் ரசமும் பெறுவது ராப்போஜனம்; அதில் சேர்வதற்கு முன் நடக்கும் சடங்கு திடப்படுத்தல். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய சபை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பாடகர் குழுவில் நின்றவர் அவர். அவரிடம் இருந்ததோ அக்காள் வாங்கிய கைக்கடக்கமான வேதாகமம். ஜிப் உறையும் பொன்விளிம்பும் இருந்தனவே தவிர, எழுத்து கடுகளவு, நடுவில் பசை விட்டு, அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபம் தனித்தனித் தாளாகக் கழன்று வந்துகொண்டிருந்தது. வாங்கிய கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

எனவே அவருக்காக இரண்டு நூல்களை வாங்கினேன். ஒன்று, கடைக்காரர்கள் ‘ஓ.வி.’ என்று சொல்லும் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம், பெரிய எழுத்துப் பதிப்பு. மற்றது, கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். எட்டு மாதங்களாக வாரம் இரு மாலைகள் இருவரும் இவற்றை அருகருகே விரித்து வைத்து, இரட்சிப்பு என்றால் என்ன, அதை ஒருவன் பெறுவது எப்படி என்ற ஒரே கேள்வியோடு வாசித்து வருகிறோம். இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாது. வரலாற்றுப் பகுதிகளின் மொழிபெயர்ப்பையோ சங்கீதங்களின் அழகையோ நான் இங்கே ஒப்பிடவில்லை.

முதலில் கண்ணுக்கும் கைக்கும் உரியவை. பழைய மொழிபெயர்ப்பு இரு பத்திகளாக, ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்கும்படி அச்சிடப்பட்டுள்ளது. ஒரு வசனத்தைத் தேடி எடுக்கவும் மனப்பாடம் செய்யவும் இது மிக வசதி. ஆனால் பவுல் ஒரு வாதத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது. பேச்சுக்கு மேற்கோள்குறி இல்லாமல் முக்காற்புள்ளி மட்டுமே இருப்பதால், பேசுகிறவர் எங்கே நிறுத்தினார் என்று ‘என்றார்’ வரும்வரை காத்திருக்க வேண்டும். திருவிவிலியத்தில் பத்தி பிரிப்பு உண்டு, உட்தலைப்புகள் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை உண்டு, அடிக்குறிப்புகளும் உண்டு. கத்தோலிக்கர் ஏற்று, மற்றச் சபையினர் பலர் வேதாகமத்தில் சேர்க்காத தோபித்து, மக்கபேயர் முதலிய இணைத்திருமுறை நூல்களும் சேர்ந்த பதிப்பை எடுத்தால் கனம் கூடும். படுத்துக்கொண்டு வாசிக்கும் நோயாளிக்கு மார்பின்மேல் வைக்க முடியாது. அத்தானுக்குத் தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன்மேல் விரித்துக் கொடுத்தோம்.

இனி சொற்கள். பெரும்பாலான சபைகளில் இன்றும் ஒலிப்பது பழைய மொழிபெயர்ப்புதான். 1715இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து, பின்வந்த மிஷனரி பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு வழியாக வளர்ந்து, பவர் ஐயரின் குழு 1871இல் முடித்துத் தந்த வடிவம் அது. அதன் முதன்மைச் சொற்கள் இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், நீதிமானாக்கப்படுதல், மனந்திரும்புதல். திருவிவிலியத்தில் இவை மீட்பு, அருள், நம்பிக்கை, ஏற்புடையவராதல், மனமாற்றம் என்று வருகின்றன. வடசொல்லுக்குப் பதிலாகத் தமிழ்ச்சொல் என்ற அளவில் பலர் இதைக் கடந்துபோகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் வாசிப்பவன் உள்ளத்தில் வேறொரு படத்தை எழுப்புகிறது என்பதும், சில இடங்களில் அந்தப் படமே அவனுடைய கேள்விக்கு விடையாகவோ தடையாகவோ ஆகிவிடுகிறது என்பதும் இந்த எட்டு மாதங்களில் எங்களுக்குப் புலப்பட்டது.

‘விசுவாசம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். “கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்” என்பது, இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்கு, அங்கே கைதிகளாயிருந்த பவுலும் சீலாவும் சொன்ன பதில். அத்தான் இதை நூறு முறையாவது கேட்டிருப்பார். ஆனால் நம் அன்றாடத் தமிழில் விசுவாசம் என்பது எஜமானனுக்கு வேலைக்காரன் காட்டுவது, வீட்டுக்காரனுக்கு நாய் காட்டுவது. அதாவது, உண்மையாய் உழைத்து நிரூபிக்க வேண்டிய ஒரு குணம். “அவருக்கு விசுவாசமா இருந்தேனான்னு நினைச்சாலே எனக்குப் பயம் வருது” என்று அத்தான் சொன்னபோதுதான் சிக்கல் எங்கே என்று விளங்கியது. தன்னுடைய விசுவாசத்தின் அளவைத் தானே நிறுத்துப் பார்த்து, எடை குறைகிறது என்று அவர் இத்தனை ஆண்டுகள் கலங்கியிருக்கிறார். திருவிவிலியம் அதே இடத்தில் ஆண்டவர் மேல் ‘நம்பிக்கை கொள்ளும்’ என்கிறது. அறுவைச் சிகிச்சை அரங்கில் மயக்க மருந்து ஏறும் முன் அவர் மருத்துவரிடம் செய்தது அதுதானே? தன் மார்பைத் திறக்க ஒப்புக்கொடுத்துப் படுத்ததைத் தவிர அவர் செய்த வேலை ஒன்றுமில்லை. இந்த ஒரு சொல்லுக்காகவே திருவிவிலியத்தை நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது ரோமர் ஐந்தாம் அதிகாரம். “இவ்விதமாக, நாம் விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்” என்று பழைய மொழிபெயர்ப்பு தொடங்குகிறது. இங்கே எழுவது நீதிமன்றப் படம்: குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனைப் பார்த்து, வேறொருவர் தண்டனையை ஏற்றுக்கொண்டதால், நீதிபதி ‘நீதிமான்’ என்று தீர்ப்பெழுதுகிறார். திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்று வருகிறது. இது நீதிமன்றத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு போன மகனைத் தகப்பன் ஏற்றுக்கொள்வது போன்ற படம். எனக்கு இரண்டும் தேவைப்படுகின்றன. தீர்ப்பு மட்டும் இருந்தால், விடுதலையானவன் நீதிபதியின் வீட்டுக்குப் போகத் துணியமாட்டான். ஏற்பு மட்டும் இருந்தால், அந்த ஏற்புக்காகச் சிலுவையில் செலுத்தப்பட்ட விலை மங்கிவிடும். இந்த இடத்தில்தான் 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரும் ரோமாபுரியின் கத்தோலிக்கத் திருஅவையும் பிரிந்தார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருஅவையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையோ, நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே கிறிஸ்துவை நம்பி நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், நாம் பெறும் பரிசுத்த ஆவியே நம்மை நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்றும் ஒன்றாகச் சொல்கிறது. இரு நூல்களையும் அருகருகே வாசிப்பவர், அந்த ஒப்புதலின் இரு பாதிகளையும் தமிழிலேயே கண்டுகொள்ளலாம்.

பழைய மொழிபெயர்ப்பு தெளிவாக மேலோங்கி நிற்கும் இடங்களும் உண்டு. ‘மனந்திரும்புங்கள்’ என்ற சொல்லில் ஒரு திசை இருக்கிறது. போன வழியை விட்டு, விட்டு வந்தவரை நோக்கி உடம்போடு திரும்புகிற ஒரு மனிதனை அது காட்டுகிறது. ‘மனம் மாறுங்கள்’ என்பதில் அந்தத் திசை இல்லை. சட்டைத் துணி தேர்ந்தெடுக்கும்போதும் நமக்கு மனம் மாறுகிறது. இரட்சிப்பைப் பெறும் வழியில் முதல் அடி இதுவாகையால், இந்த இழப்பைச் சிறியதென்று நான் எண்ணவில்லை.

அதைவிட வருந்தத்தக்கது மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் நேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால், அதாவது ஓயாத இரத்தப்போக்கினால், வருந்திய ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமானபோது, “மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. திருவிவிலியம் ‘குணமாக்கிற்று’ என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் ஒன்றே. நோயிலிருந்து விடுவிப்பதற்கும் பாவத்திலிருந்து விடுவிப்பதற்கும் புதிய ஏற்பாடு அதே சொல்லைக் கையாளுகிறது. ‘குணமாக்கிற்று’ என்பது தவறான மொழிபெயர்ப்பு அல்ல. ஆயினும் இரட்சிப்பு என்பது செத்தபின் கிடைக்கும் பரலோக அனுமதி மட்டுமல்ல, கூட்டத்தின் நடுவே நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் உடலையும் பயத்தையும் வெட்கத்தையும் தொட்ட ஒன்று என்ற உண்மை, ‘இரட்சித்தது’ என்று வாசிக்கும்போது மட்டுமே கண்ணில் படுகிறது. மார்பில் இன்னும் தையல் தழும்பு காயாதிருந்த அத்தான், இந்த வசனத்தை விரலால் தொட்டுக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மீட்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடகு வைத்த நகையை மீட்பது நமக்குத் தெரியும். ஆகவே விலை கொடுத்து விடுவித்தல் என்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடையாது. பழைய மொழிபெயர்ப்பு எபேசியர் முதல் அதிகாரத்தில் “பாவமன்னிப்பாகிய மீட்பு” என்று இந்தப் பொருளுக்குத்தான் அதை வைத்துக்கொண்டு, பரந்த பொருளுக்கு இரட்சிப்பு என்பதைப் பயன்படுத்துகிறது. திருவிவிலியம் இரண்டுக்கும் மீட்பு என்றே சொல்வதால், மூலத்தில் இரு சொற்கள் இருப்பது தெரியாமல் போகிறது. மறுபுறம், “விசுவாசிக்கிறவன் எவனோ அவன்” என்று ஆண்பாலிலேயே கேட்டுப் பழகிய என் அக்காள், யோவான் 3:16ஐத் திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை கொள்ளும் எவரும்’ என்று வாசித்தபோது, “இதுல நானும் இருக்கேன்” என்றார். அவர் மகிழ்ந்து சொன்ன வார்த்தை அது; நானும் மகிழ்ந்தேன்.

கிரியைகளை, அதாவது நாம் செய்யும் நற்செயல்களைப் பற்றிய அத்தானின் குழப்பத்துக்கு மட்டும் சொல் வேறுபாடு எதுவும் உதவவில்லை. இரு நூல்களிலும் ஒன்றுபோல் இருக்கும் கதைதான் உதவியது. எபேசியர் இரண்டாம் அதிகாரம் இரட்சிப்பு “கிரியைகளினால் உண்டானதல்ல” என்கிறது. யாக்கோபு நிருபமோ கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்கிறது. மீண்டும் சிறைச்சாலைக்காரனிடம் போனோம். தன்னைத்தானே கொலைசெய்யப் பட்டயத்தை உருவிய அவன், நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான். நம்பு என்ற ஒன்றே பதிலாக வருகிறது. அன்றிரவே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான், வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறான், சாப்பாடு பரிமாறுகிறான். காயத்தைக் கழுவியதற்குக் கூலியாக அவனுக்கு இரட்சிப்பு கிடைக்கவில்லை. ஆனால் இரட்சிப்பு வந்த வீட்டில் தண்ணீரும் துணியும் உடனே வெளியே வந்தன. அந்த மாலையில் அத்தான் தாமாகவே, “அப்ப நான் ராப்போஜனம் எடுத்ததெல்லாம் கணக்குல வைக்கிறதுக்கு இல்ல, பசிக்குச் சாப்பிடுறதுக்குத்தான்” என்றார். பிறகு கண்ணை மூடி, இயேசு சொன்ன உவமையில் வரும் வரிவசூலிப்பவனான ஆயக்காரனின் ஜெபத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடமாகவே சொன்னார்: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.”

ஒரே நூல்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் தீர்ப்பு இது. கிறிஸ்தவ வீட்டில் பிறக்காதவர், அல்லது பிறந்தும் பழைய சொற்கள் காதில் மட்டும் தங்கிவிட்டவர், திருவிவிலியத்திலிருந்து தொடங்குவது நல்லது. லூக்கா நற்செய்தியை முழுவதும் வாசித்துவிட்டு, ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் முன்னுரையோடு முதல் எட்டு அதிகாரங்களை வாசிக்கலாம். ஜெபத்துக்கும் மனப்பாடத்துக்கும் சபையோடு சேர்ந்து வாசிப்பதற்கும் பழைய மொழிபெயர்ப்புக்கு ஈடில்லை. இரண்டையும் வாங்க இயலுமானால் வாங்கிவிடுங்கள். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. உறையின் அழகில் மயங்காமல், நடுவில் விரித்து முதுகுப்பக்கம் நூலால் தைத்திருக்கிறதா, வெறும் பசையா என்று பாருங்கள். திருவிவிலியத்தில் இணைத்திருமுறை உள்ளதும் இல்லாததுமாக இரு வகை கிடைப்பதால், வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். முதியவருக்கென்றால் அவரையே கடைக்கு அழைத்துப் போய், ரோமர் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து கையில் கொடுத்து, கடையின் வெளிச்சத்தில் அல்லாமல் வாசற்படியில் நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.