ஊருபங்கம்: தொடை முறிந்த பிறகு எழுந்து நிற்கும் துரியோதனன்

துரியோதனன் மேடைக்கு வரும்போதே இரண்டு தொடையும் முறிந்திருக்கின்றன. பீமனோடு நடந்த கதாயுத்தம் முழுவதையும் மூன்று வீரர்களின் வாயாலேயே சொல்லி முடித்துவிடுகிறது பாசனுடையதாகச் சொல்லப்படும் இந்த ஓரங்க சமஸ்கிருத நாடகம். (1909இல் பத்மநாபபுரம் அருகே கணபதி சாஸ்திரிக்குக் கிடைத்த சுவடிகளால் வெளிச்சத்துக்கு வந்தது.) திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தும் துரியோதனனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு ஆள். அங்கே அவன் கிடப்பது திரௌபதி கூந்தல் முடிய. இங்கே அவன் பேசுகிறான்.

கலப்பையோடு பீமனைக் கொல்லக் கிளம்பும் பலராமனைத் தடுப்பவனே அவன்தான். குருகுலத்துக்கு நீர்க்கடன் செய்யவாவது பாண்டவர்கள் இருக்கட்டும் என்கிறான்.

மகன் துர்ஜயன் வரும் இடம்தான் உச்சம். பிள்ளை வழக்கம்போல மடியில் ஏறப் போகிறான், அப்பன் தடுக்கிறான், ஏன் என்று பிள்ளை கேட்கிறது. நடிகர் இங்கே ஓவென்று அழுதால் காட்சி படுத்துவிடும்; வலியைப் பிள்ளைக்குத் தெரியாமல் விழுங்க வேண்டும். பிறகுதான், பாண்டவர்க்குப் பணிந்து நட, திரௌபதியையும் அபிமன்யுவின் தாயையும் பெற்ற தாயாக நினை என்ற புத்திமதி.

மேடையேற்றுபவர்கள் கவனிக்க: தரையில் கிடப்பவனின் முகம் பின்வரிசைக்குத் தெரியாது. ஒன்றரை அடி உயரத்தில் சாய்வுப் பலகை போடுங்கள். தவழும்போது கனமான கிரீடம் நழுவும், நாடாவால் கட்டிவிடுங்கள்.

அசுவத்தாமனிடம் சொல்லும் சுலோகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். சபையில் திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுத்தது, சிறுவன் அபிமன்யு கொல்லப்பட்டது, சூதாடிப் பாண்டவரைக் காட்டுக்கு விரட்டியது என்று தன் பக்கத்துக் கணக்கைத் தானே வாசித்து, அவர்கள் எனக்குச் செய்தது கொஞ்சம்தான் என்கிறான். இதை வெட்டினால் வெறும் பாவப்பட்ட மனிதன்தான் மிஞ்சுவான். அவன்மேல் வரும் மரியாதை முழுவதும் இந்த நாலு வரியில்தான் இருக்கிறது.

குறை? மாறிய மனம் எப்படி மாறியது என்று நாடகம் காட்டுவதில்லை. தவழ்ந்து வரும்போதே தெளிந்துதான் வருகிறான். வியாசரின் துரியோதனனோ அசுவத்தாமன் செய்த இரவுப் படுகொலைச் செய்தி கேட்டு மகிழ்ந்து சாகிறவன். ஆனாலும் ஓர் இடத்தில் பழைய ஆள் தலை நீட்டுகிறான். அபிஷேகம் இல்லாமல், வெறும் வாய்ச்சொல்லாலேயே துர்ஜயனை அரசனாக்குகிறான் அசுவத்தாமன். சற்று முன்பு பாண்டவரைப் பணியச் சொன்ன அதே தகப்பன், என் மனம் விரும்பியது நடந்தது என்கிறான். அந்த வரியை மழுப்பாமல், நன்றாகக் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.