தைத்துக் கொடுத்த கயிறு: மரம் ஏறும் தொழிலாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒருவர் மரம் ஏறும் கயிறு, இடுப்புப் பெல்ட் முதலியவற்றை 'உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ற மாதிரி' மாற்றித் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லி விற்றுவருகிறார். அவரிடம் 68,000 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கிய சாமான்களில் ஓர் ஆள் நம்பித் தொங்கக்கூடியது ஒன்றுகூட இல்லை. பெயரைப் போட எனக்கும் ஆசைதான். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் போடவில்லை. அவருடைய சரக்கை அடையாளம் காண்பது எப்படி என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது சிறிய குழு. தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் கொப்பு கழிப்பது, லயன் கூரைமேல் சாய்ந்துவிட்ட யூக்கலிப்டஸை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவது, பங்களா வளவுகளில் காய்ந்த கொப்புகளை எடுப்பது, இதுதான் பிழைப்பு. தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் தொலைபேசி ஓயாது. பழைய ஆட்கள் வெறுங்காலும் ஒரு நைலான் கயிறுமாக ஏறினார்கள். விழுந்தவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. கயிற்றில் தொங்கியபடி வேலை செய்யும் முறைக்கு நாங்கள் மாறியது அதனால்தான்.

இதில் ஒரு தொல்லை உண்டு. வெளிநாட்டுப் பெல்ட்டின் மிகச் சிறிய அளவுகூட எங்கள் பையன்களின் இடுப்பில் நிற்காமல் சுழல்கிறது. தொடைப் பட்டியைக் கடைசிவரை இறுக்கினாலும் தொளதொளவென்று கிடக்கிறது. 2022இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, வேறு பெல்ட் வாங்கலாம் என்று வாய் திறந்து சொல்லவே முடியவில்லை. அந்த மனிதருடைய வியாபாரம் நடப்பது இந்த இடைவெளியில்தான்.

"அண்ணே, வெள்ளைக்காரன் உடம்புக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? தொடைப் பட்டியைக் குறைத்துத் தருகிறேன். கயிற்று முனையை வளையமாக மடித்துக் கண் தைத்துத் தருகிறேன். எல்லாம் ஐரோப்பியத் தரம்" என்றார். 12 மில்லிமீட்டர் ஏறுகயிறு 45 மீட்டர், ஒரு முனையில் தைத்த கண்ணோடு. இரண்டு முனையிலும் கண் வைத்த, சூடு தாங்கும் அராமிட் இழையில் பிரூசிக் கயிறு ஒன்று, அதாவது ஏறுகயிற்றில் சுற்றி முடிச்சுப் போடும் சிறு கயிறு. எங்களிடம் இருந்த நல்ல பெல்ட்டில் அளவு மாற்றம். இவ்வளவும் பேசி முன்பணம் கொடுத்தோம்.

புதுச் சாமான் எதுவானாலும் ஆளுயரத்துக்கு மேல் போகாமல் ஏறி இறங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிரூசிக் முடிச்சு ஏறுகயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும். ஆள் எடை விழுந்தால் இறுகும், கையால் தளர்த்தினால் வழுகி இறக்கிவிடும். அந்த வழுகலில் நல்ல சூடு பிறக்கும். தம்பி ஒருவன் கொஞ்ச நேரம் ஏறி இறங்கியதுமே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. முடிச்சை அவிழ்த்தோம். உரசிய இடம் முழுவதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வார்னிஷ் பூசியதுபோல் பளபளத்தது. மடித்தபோது அந்தப் பளபளப்பு செதில் செதிலாக வெடித்தது. அப்படிப்பட்ட கயிறு அடுத்த தடவை பிடிக்காமல் சறுக்கும். நாற்பது அடி உயரத்தில் அது நடந்திருந்தால் நான் இந்தப் பதிவை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அன்றிரவு அதன் மேலுறையில் ஒரு துண்டை உரித்து, பேசின் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை அமுக்கிப் பிழிந்து விட்டேன். மிதந்தது. நைலான், பாலியெஸ்டர், அராமிட் மூன்றும் தண்ணீரைவிடக் கனமானவை, மூழ்கியாக வேண்டும். மிதந்தது பாலிப்ரொப்பிலீன், லொறியில் மூட்டை கட்டுகிற சரக்கு. அது சுமார் 165 பாகை செல்சியஸில் உருகிவிடும். அவர் விற்றதாகச் சொன்ன அராமிட்டோ உருகுவதே இல்லை; ஏறத்தாழ 500 பாகையில்தான் சிதையத் தொடங்கும். அராமிட் இழைக்குரிய பொன்பழுப்பு நிறத்தை மட்டும் எங்கிருந்தோ சரியாகப் பிடித்திருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

பிறகு ஏறுகயிற்றின் கண்ணைப் பார்த்தேன். தையலின் மேல் கறுப்பு உறை ஒன்றைச் சூடு காட்டி இறுக்கியிருந்தார். கத்தியால் கிழித்தால், உள்ளே வெள்ளைக் கயிற்றில் வெள்ளை நூல். படங்கு தைக்கிற நூல். ஒரு பக்கம் நெருக்கமாகத் தொடங்கிய தையல் மறுபக்கம் போகப்போக இடைவெளி விட்டு, கடைசியில் நூலை வெறுமனே தீயால் சுட்டு நிறுத்தியிருந்தது. தையல் நூல் பட்டியிலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும் என்று முழு உடல் பாதுகாப்புப் பெல்ட்டுகளுக்கான ஈ.என். 361 என்ற ஐரோப்பியத் தரம் கேட்கிறது. ஓர் இழை அறுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. இவர் நிறத்தையும் மறைத்தார், தையலையும் மறைத்தார்.

கயிற்றில் '22 கிலோநியூட்டன், ஈ.என். 1891' என்று ஒரு சீட்டு. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ நூறு கிலோ எடையின் இழுவை; ஈ.என். 1891 இத்தகைய கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம். அந்தத் தரத்தில் ஏ வகைக் கயிற்றுக்கு 22 என்பது வெறுங்கயிற்றின் கணக்கு. முனையில் கண் போட்ட பிறகு 15 கிலோநியூட்டனை மூன்று நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். தாங்கிக் காட்டிய சான்று எங்கே? உயிர்காக்கும் சாமான்களில் சி.ஈ. என்ற ஐரோப்பிய முத்திரைக்குப் பக்கத்தில் பரிசோதித்த நிறுவனத்தின் நான்கு இலக்க எண் இருக்கும். இந்தச் சீட்டில் சி.ஈ. மட்டும்தான் இருந்தது, எண் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெல்ட் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. எடை தாங்கும் தொடைப் பட்டியையே வெட்டி ஒட்டுத் தையல் போட்டிருந்தார்; தொடர் எண்ணும் தயாரித்த ஆண்டும் உள்ள சீட்டை 'அசிங்கமாக இருந்தது' என்று கத்தரித்து எறிந்துவிட்டார். நல்ல பெல்ட் அது. இனி அதை யாரும் பரிசோதிக்க முடியாது, உற்பத்தியாளரும் கைகழுவிவிடுவார்.

திருப்பிக் கொண்டுபோனபோது, "சூடாக்கினால் எந்தக் கயிறும் உருகும்தானே அண்ணே" என்றார். பிறகு, மாற்றித் தைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். கடைசியில் இலவசமாக இன்னொரு தையல் போட்டுத் தருவதாகச் சொன்னார்! பற்றுச்சீட்டில் 'கயிறு, பெல்ட் வேலை' என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்; தொலைபேசி எண் 1977. முன்பணம் கொடுக்கும்போதே கயிற்றின் பெயர், இழை, தர எண் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மாற்றம் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பிரூசிக் கயிற்றின் நீளத்தைக் கைக்கு ஏற்றபடி தெரிவு செய்யலாம். பெல்ட்டின் முன்புறம் ஏறுகயிற்றை இணைக்கும் பிரிட்ஜ் கயிறு தேய்ந்தால், கழற்றி மாட்டும்படி செய்த பெல்ட்டுகளில் உற்பத்தியாளரின் கயிற்றையே வாங்கி மாற்றலாம். கைவாள் உறை, சாமான் வளையம் போன்ற எடை தாங்காதவற்றை இஷ்டம்போல் மாட்டலாம். எடை தாங்கும் எதிலும் ஊசியோ துளையோ வெல்டிங்கோ கூடாது. கண் வேண்டுமென்றால் நாங்கள் இப்போது முடிச்சே போடுகிறோம். முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கு அளவு குறையும்தான். ஆனால் அது சரியாக விழுந்திருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமும் பல குழுக்கள் தன்னிடம் வாங்கியிருப்பதாக அவர் பெருமையாகச் சொன்னார். அது உண்மையானால், உங்கள் கயிற்றிலும் கறுப்பு உறை போட்ட கண் இருக்கும். அடுத்த மரத்துக்கு முன் அதைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை நூல் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.