ஹேட்ரியன் சுவர் நடைப் பேக்கேஜ்: மீதிப் பணம் கட்டும் முன் படுக்கை எங்கே என்று கேளுங்கள்

வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய சுவரை ஒட்டி, கிழக்கே வால்ஸெண்டிலிருந்து மேற்கே போனெஸ்-ஆன்-சால்வே வரை 84 மைல், அதாவது 135 கி.மீ. நடை. 2003-இல் தேசிய நடைபாதையாகத் திறந்தார்கள். வழிகாட்டி கிடையாது, நாமே நடக்க வேண்டும். அறை போட்டுத் தர, பையை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க நிறுவனங்கள் உண்டு. அப்படி ஒரு நிறுவனத்திடம் நான்கு பேர் வாங்கிய 7 இரவு, 6 நாள் நடைத் திட்டம் எப்படிக் கெட்டது என்பதை அவர்கள் கையிலிருந்த தாள்களை வைத்தே எழுதுகிறோம். பெயர் வேண்டாம். இந்த வித்தை ஒரே கடைக்குச் சொந்தமானதும் அல்ல.

முதலில் தூரம். திட்டத் தாளில் இருந்த நாள்கணக்கு: வால்ஸெண்ட்–ஹெடன் 15 மைல், ஹெடன்–சாலர்ஃபோர்டு 15, சாலர்ஃபோர்டு–ஸ்டீல் ரிக் 12, ஸ்டீல் ரிக்–வால்டன் 16, வால்டன்–கார்லைல் 11, கார்லைல்–போனெஸ் 15. கூட்டினால் சரியாக 84. பொய் இல்லை. ஆனால் இது பாதையின் தூரம். உங்கள் படுக்கை வரையிலான தூரம் அல்ல. நான்கு பேருக்கும் கடைசியில் கிடைத்த அறைகள்: சாலர்ஃபோர்டுக்குப் பதில் ஹெக்ஸம், ஸ்டீல் ரிக் அடிவாரத்து ஒன்ஸ் புரூடுக்குப் பதில் ஹால்ட்விசில், வால்டனுக்குப் பதில் பிராம்ப்டன், போனெஸுக்குப் பதில் திரும்பவும் கார்லைல். முதல் மூன்றும் பாதையை விட்டுச் சில மைல் தள்ளி; கடைசியதோ அன்று காலை கிளம்பிய ஊரே. "அல்லது அதற்கு நிகரான இடம்" என்று ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி இத்தனையையும் மூடி மறைத்தது. மாலையில் பாதையிலிருந்து விடுதிக்கும், காலையில் விடுதியிலிருந்து பாதைக்கும் டாக்சி. கைக்காசில்.

ஏன் இப்படி ஆகிறது? சுவரின் நடுப்பகுதியில் படுக்கைகள் குறைவு. ஒன்ஸ் புரூட் என்பதே ஒரு விடுதி, ஒரு இளைஞர் விடுதி, சுற்றிலும் சில வீட்டு அறைகள், அவ்வளவுதான். வால்டன் அதைவிடச் சிறிய ஊர். மே முதல் செப்டம்பர் வரைக்குமான அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். வார இறுதியில் இரண்டு இரவாவது எடுத்தால்தான் அறை என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நாணயமான நிறுவனம் அறையை உறுதி செய்த பிறகுதான் தேதியை உறுதி செய்யும். இந்த நிறுவனம் முன்பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு அறை தேடியது. தள்ளி இருக்கும் ஊரில் தங்க வைப்பது தவறே இல்லை. பல நல்ல நிறுவனங்களும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் அவை டாக்சியைத் தாங்களே ஏற்பாடு செய்து, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும் என்று எழுதித் தருகின்றன. அந்தக் கிராமச் சாலைகளில் கையைக் காட்டினால் நிற்கும் டாக்சி கிடையாது.

ஆகவே மீதித் தொகை கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு இரவுக்கும் விடுதியின் பெயர், அஞ்சல் குறியீடு. அந்தக் குறியீட்டை வரைபடத்தில் போட்டு, பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். "பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அனுப்புவோம்" என்று பதில் வந்தால் அறை இன்னும் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கிலும் ஓட்டை. 16 மைல் நாளுக்கு "5 மணி நேரம்" என்று போட்டிருந்தார்கள். மலை நடைக்காரர்கள் 1892 முதல் பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்குப்படி மணிக்கு 5 கி.மீ., அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. 16 மைல் என்றால் கிட்டத்தட்ட 26 கி.மீ.; சமதரையிலேயே 5 மணி 10 நிமிடம். அன்றைய பாதையோ சுவரின் மிக உயரமான இடமான வின்ஷீல்ட்ஸ் கிராக் மேல், 345 மீட்டரில் ஏறி, அதற்குப் பிறகும் குன்றுக்குக் குன்று இறங்கி ஏறிப் போவது. வேலி தாண்டும் படிகள், சேறு, சாப்பாடு, பேர்டோஸ்வால்ட் கோட்டையில் நின்று பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் 8 மணி நேரம் ஒதுக்க வேண்டும். 5 மணி என்று நம்பிப் பத்து மணிக்குக் கிளம்பி, மூன்றரைக்கு டாக்சி சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பை விஷயம். வழக்கமான ஏற்பாடு இதுதான்: ஆளுக்கு ஒரு பை, பெரும்பாலும் 20 கிலோவுக்குள், காலை 9 மணிக்கு முன் விடுதி வாசலில் இருக்க வேண்டும், மாலை 4, 5 மணிக்குள் அடுத்த இடம் போய்ச் சேரும். பையை ஏற்றுவது நடை நிறுவனம் அல்ல, அது கூலிக்குப் பிடித்த வேன்காரர். மூன்றாம் இரவு அறையைக் கடைசி நேரத்தில் மாற்றிய நிறுவனம், வேன்காரருக்குச் சொல்லவில்லை. பை பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், மறுநாள் காலுறை, மழை மேலுடை ஆகியவை எப்போதும் தோள்பையில் இருக்கட்டும். பையில் கட்டும் அட்டையில் பெயரோடு அன்றைய தேதியும் சேருமிடமும் எழுதுங்கள். அறை மாறினால் வேன்காரரை நேரடியாக அழையுங்கள். அவருடைய எண்ணை முதல் நாளே வாங்கி வைப்பது நல்லது.

எரிச்சலின் உச்சம் வழிக்குறிப்புதான். "சைக்கமோர் கேப் பள்ளத்தில் தனியாக நிற்கும் மரத்தை அடையாளம் வைத்துக்கொள்க" என்று எழுதியிருந்தது. அந்த மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக இருவர் வெட்டிச் சாய்த்தது உலகச் செய்தி. அதற்குப் பிறகு ஒருவர்கூட அந்தத் தாளைத் திறந்து படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதோடு குறிப்பு மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவருக்காக எழுதப்பட்டது. அறைகளோ கிழக்கிலிருந்து மேற்காகப் போடப்பட்டவை. எங்கெல்லாம் "இடப்பக்கம்" என்று இருந்ததோ அங்கெல்லாம் வலப்பக்கம்!

கைபேசிக்குத் தந்த ஜிபிஎக்ஸ் கோப்பு, அதாவது பாதையைப் புள்ளிகளாகப் பதிந்த கோப்பு, அதைவிட மோசம். 15 மைலுக்கு 40 புள்ளிகள். கிட்டத்தட்ட 600 மீட்டருக்கு ஒன்று. இடையில் செயலி நேர்கோடு போட்டுவிடும், பாதை வளைந்தாலும் அதற்குக் கவலை இல்லை. கோப்பு வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு வயலையும் வீட்டையும் குறுக்காக வெட்டினால் அது நடந்து பதிந்த தடம் அல்ல, மேசையில் உட்கார்ந்து குத்திய புள்ளிகள். பாதையில் தேசிய நடைபாதைக்கான ஓக் கொட்டைச் சின்னம் இருப்பதால் சுவரை ஒட்டிய பாதையில் வழி தப்புவது அரிது. விடுதிக்குப் பிரியும் கிளைப்பாதையில்தான் தப்பும், அங்கே அந்தச் சின்னம் இருக்காது. நடுப்பகுதிக்கு ஆர்டினன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல்43 வரைபடம், 1:25,000 அளவு, ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொதுவழிகள் பச்சைக் கோட்டில் இருக்கும்.

அந்தக் குறிப்பில் இல்லாத ஒரு வரி ஆபத்தானது. கார்லைலுக்கு மேற்கே டைக்ஸ்ஃபீல்டுக்கும் டிரம்பர்க்குக்கும் இடையிலான சதுப்பு நிலச் சாலை பெரிய ஓதத்தின்போது கடல்நீரில் மூழ்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முந்தின இரவே ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போனெஸில் ரயில் இல்லை. கார்லைலுக்கு நாளுக்குச் சில பேருந்துகள் மட்டுமே. கடைசி வண்டியின் நேரம் தெரியாமல் நடையை முடிக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். நால்வரும் அப்படியே கட்டினார்கள். பிரிட்டனில் வழங்கிய கிரெடிட் கார்டில் முன்பணத்தை மட்டும் கட்டியிருந்தால்கூட, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு முழுத் தொகைக்கும் அட்டை வங்கியைப் பொறுப்பாக்கும். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால் போதும். இந்திய அட்டைக்கு அது பொருந்தாது.

பிரிட்டனின் 2018 பேக்கேஜ் பயண விதிகளின் கீழ் வரும் திட்டம் என்றால், நிறுவனம் திவாலானாலும் உங்கள் பணத்துக்குப் பத்திரமோ காப்பீடோ அறக்கட்டளைக் கணக்கோ இருந்தாக வேண்டும். அட்டோல் என்ற பயணப் பணப் பாதுகாப்புச் சின்னத்தைக் கண்டு மயங்காதீர்கள். அது விமானப் பயணம் சேர்ந்த பேக்கேஜுக்கு. "அறையும் பையும் மட்டும்தான், இது பேக்கேஜே இல்லை" என்று பிற்பாடு கை விரிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே அந்த விதிகளின் கீழ் வருகிறதா, பாதுகாப்பு எந்த வகை என்ற இரண்டையும் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

குறை கண்ட அன்றே புகைப்படத்தோடு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்; தாமதமின்றித் தெரிவிப்பது பயணியின் கடமை என்று அந்த விதியே சொல்கிறது. சரி செய்யச் சொல்லி நியாயமான அவகாசம் கொடுத்தும் செய்யாவிட்டால் நீங்களே செய்துகொண்டு செலவைக் கேட்கலாம். டாக்சி ரசீது அதற்குத்தான். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் இணையம் வழியே போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

நால்வரின் டாக்சி ரசீதுகள் மட்டும் 200 பவுண்டைத் தாண்டின. நிறுவனம் இதுவரை தர முன்வந்திருப்பது அடுத்த நடைக்கான 50 பவுண்டு தள்ளுபடிக் கூப்பன், நால்வருக்கும் சேர்த்து.