30 நாளில் 5,000 ஆங்கிலச் சொற்கள்: ஏமாந்தவன் எழுதுகிறேன்

"30 நாளில் 5,000 உயர்நிலைச் சொற்கள்" என்ற விளம்பரத்தை நம்பி ஓர் இணைய வகுப்புக்குப் பணம் கட்டினேன். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 167 சொல் வருகிறதே, தாய்மொழியிலேயே இது நடக்குமா என்று ஒரு கணக்குப் போட்டிருந்தால் அங்கேயே தப்பித்திருப்பேன். போடவில்லை.

பணம் போனதும் வந்தது ஒரு பிடிஎஃப். வகுப்பு என்பது அதை யாரோ வரிசையாக வாசிக்கும் வீடியோ, அவ்வளவுதான். பாதிப் பக்கங்கள் எதிர்ச்சொல் பயிற்சி, மேலே "ஜிஆர்இ புதிய பாடத்திட்டம்" என்று தலைப்பு வேறு. வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் நுழைவுத் தேர்வான ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகளை 2011லேயே எடுத்துவிட்டார்கள்! அப்புறம் "எங்கள் ஆய்வுக்குழு தொகுத்த 570 சொற்கள்" என்று ஒரு பகுதி. அந்த எண் உறுத்தவே தேடிப் பார்த்தேன். மொழியியலாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பணத்தைவிட வயிற்றெரிச்சல் வேறொன்றில். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு இணைச்சொல், எடுத்துக்காட்டு வாக்கியமே கிடையாது. 'நொட்டோரியஸ்' என்றால் 'ஃபேமஸ்' என்று போட்டிருந்ததை நம்பி, என் மேலாளருக்கு எழுதிய வாழ்த்து மடலில் அவர் நேர்மைக்கு நொட்டோரியஸ் என்று பெருமையாக எழுதிவிட்டேன். கெட்டதுக்குப் பேர்போனவரைச் சொல்லும் சொல் அது. நல்லவேளை, மனிதர் சிரித்துவிட்டார். 'பெனல்டிமேட்' என்பதற்கு 'உச்சகட்டம்' என்று இருந்தது. கடைசிக்கு முந்தையது என்பதுதான் அதன் பொருள். இன்னும் எத்தனை தப்பை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேனோ.

பிடிக்காவிட்டால் 7 நாளில் பணம் வாபஸ் என்றார்கள். கேட்டபோதுதான் நிபந்தனையைக் காட்டினார்கள்: பாடத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாதாம். இருப்பது ஒரே கோப்பு, அதைத் திறந்தாலே முழுப் பாடமும் திறந்ததாகக் கணக்கு. சரி, என்ன சாமர்த்தியம்!

இப்படி ஒன்றில் சேரும் எண்ணம் இருந்தால் முதலில் மாதிரிப் பக்கம் கேளுங்கள், நாலு சொல்லை எடுத்து நல்ல அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தரமாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் வகுப்புக்கான செயலியை ஃபோனிலிருந்து அழித்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், வங்கிக் கணக்கில் போய் மாதாந்தரத் தானியங்கிக் கட்டணத்தையும் நிறுத்துங்கள். நான் செயலியை மட்டும் அழித்தேன், அடுத்த மாதமும் பணம் போய்விட்டது.