பிடிஎஸ் சீட்டுக்கு நீட்: என்சிஇஆர்டியா, ஸ்டேட் போர்டா, கோச்சிங் மாட்யூலா?

தங்கச்சி இப்போது பிடிஎஸ் முதலாமாண்டு. அவள் நீட் எழுதியபோது புத்தகம் தேடி வாங்கியது, பிடிஎஃப் இறக்கி பிரிண்ட் போட்டது எல்லாம் என் பொறுப்பு. அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் யார் ப்ளஸ் ஒன் சேர்ந்தாலும் எனக்கு போன் வருகிறது, எதை வாங்குவது என்று. எல்லாருக்கும் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பல் மருத்துவத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டுக்கும் அதே நீட், தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஒரே தரவரிசைப் பட்டியல். அட்டையில் 'பிடிஎஸ் ஸ்பெஷல்' என்று போட்டிருந்தால் அந்த நான்கு எழுத்துக்காகக் கூடுதலாக ஒரு பைசா கொடுக்க வேண்டாம். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் உயிரியலுக்கு மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். சரி, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

போட்டி மூன்றுக்குள். சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி புத்தகம், நம்ம ஸ்டேட் போர்டு புத்தகம், கோச்சிங் சென்டர்கள் போடும் மாட்யூல், அதாவது அவர்களே பாடவாரியாகத் தொகுத்த புத்தகங்கள். விலை, தடிமன், அச்சுத் தரம் இதையெல்லாம் வைத்துச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. முதல் இரண்டும் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் முடிவு செய்வது ஒரே ஒரு விஷயம்தான்: அந்தப் புத்தகம் எந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டது?

ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், நடுவில் இரண்டு மாற்றங்கள் வந்தன, இரண்டும் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தவில்லை. முதலில் என்சிஇஆர்டி தன் புத்தகங்களைக் குறைத்தது. உயிரியலில் தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், செரிமானம், உயிரிகளில் இனப்பெருக்கம், உணவு உற்பத்தி மேம்பாடு, சுற்றுச்சூழல் பிரச்சினைகள் என்று ஆறு பாடம் முழுசாகப் போயிற்று. அப்புறம் 2023 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையத்திலிருந்து 2024 நீட்டுக்கான பாடத்திட்டம் வந்தது. அதில் பல பாடங்கள் என்சிஇஆர்டி மாதிரியே போய்விட்டன, ஆனால் என்சிஇஆர்டி தூக்கிய சிலது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது பழைய புத்தகக் கடையில் கிடைக்கிற மாட்யூல் செட்டை எடுத்துப் பாருங்கள். எங்களுக்கும் ஒரு அண்ணன் தன்னுடைய செட்டைக் கொடுத்தார், அட்டை கூடக் கசங்கவில்லை. பாடத்திட்டத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொருளடக்கத்தில் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தால் வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், எஸ் தொகுதி, ஹைட்ரஜன், உலோகவியல், பலபடிகள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. உயிரியலில் அவர் மஞ்சள் மார்க்கர் போட்டு உருகி உருகிப் படித்திருந்தது செரிமான மண்டலம்! பைனஸ் விதை மைக்கோரைசா இல்லாமல் முளைக்காது என்பது மாதிரி பழைய வினாத்தாள்களில் பிரபலமான வரிகள் உட்கார்ந்திருப்பதும் இந்த நீக்கப்பட்ட பாடங்களில்தான். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். புத்தகத்தில் மிச்சம் பிடிக்கிற பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளை தேவையில்லாத பாடத்தில் உட்கார்ந்திருக்கிற வாரங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

என் ஓட்டு என்சிஇஆர்டிக்கு, அதுவும் புதுப் பதிப்புக்கு மட்டும். உயிரியல் கேள்விகள் பெரும்பாலும் அதன் வரிகளைத் தொட்டே வருகின்றன. இரண்டு கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்கிற கேள்விகளில் புத்தகத்து வாக்கியத்தையே எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். படத்துக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்து, அட்டவணையின் கடைசி வரிசை எதையும் விட முடியாது. அதே செய்தியை மாட்யூல் நாலு பக்கத்துக்கு விரித்து எழுதியிருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தேர்வில் கண்ணில் படப்போவது அந்தச் சொற்கள் இல்லை.

ஆனால் என்சிஇஆர்டியை மட்டும் நம்பினால் ஓட்டை விழும். பெரிய ஓட்டை வேதியியலில்: பி தொகுதித் தனிமங்கள். புது என்சிஇஆர்டியில் பதினொன்றிலும் இல்லை, பன்னிரண்டிலும் இல்லை. நீட் பாடத்திட்டத்திலோ 13ஆம் தொகுதி முதல் 18 வரை அப்படியே இருக்கிறது. தாவரக் குடும்பங்களிலும் இதே கதைதான். புத்தகத்தில் சொலானேசியை வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள், பாடத்திட்டத்தில் மால்வேசி, லெகுமினோசி என்று பட்டியல் நீள்கிறது.

இங்கேதான் ஸ்டேட் போர்டு கை கொடுக்கிறது. ப்ளஸ் டூ வேதியியலில் பி தொகுதி இரண்டு பாடமாக விரிவாக இருக்கிறது, ப்ளஸ் ஒன் தாவரவியலில் ஃபேபேசி, அதாவது லெகுமினோசி, தெளிவாக இருக்கிறது. பள்ளித் தேர்வுக்கு எப்படியும் படித்தாக வேண்டிய புத்தகம், கையிலேயே இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், இவை 2018, 2019இல் வந்த புத்தகங்கள், நீட் மாறியதற்காக மாறியவை அல்ல. விலங்கியலில் மண்புழு, கரப்பான், தவளை மூன்றும் விலாவாரியாக இருக்கின்றன. நீட்டுக்கு அதையெல்லாம் அதே ஆழத்தில் படித்தால் நேரம்தான் போகும். பாடத்திட்டத் தாளை அட்டைக்குள் ஒட்டி வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு ஸ்டேட் போர்டை முதலிடத்துக்கே கொண்டுவருவேன். என்சிஇஆர்டி இந்த வகுப்புகளுக்குத் தமிழில் புத்தகம் போடுவதில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழக வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் முரண்பாடு வந்தால் ஆங்கில வினாத்தாள்தான் இறுதி. 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகள் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தங்கச்சி ஆங்கில வழி என்பதால் இதில் என் அனுபவம் இவ்வளவுதான். தமிழ் வழியில் எழுதித் தேறியவர்கள் சொல்வதற்கு அதிக எடை கொடுங்கள்.

மாட்யூலை முழுசாக ஒதுக்கச் சொல்லவில்லை. இயற்பியலில் என்சிஇஆர்டியில் இருக்கிற கணக்குகள் போதவே போதாது. 45 கேள்விக்கு வேகமாகக் கணக்குப் போட்டுப் பழக ஒரு கணக்குக் கிடங்கு வேண்டும், அதற்கு மாட்யூல்தான். இயற்பியலுக்குப் பழைய செட் கூடப் பரவாயில்லை, தொலைத்தொடர்பு அமைப்புகள் மாதிரி நீக்கப்பட்டவற்றை அடித்துவிட்டால் போதும். எந்த சென்டருடையது நல்லது என்று கேட்காதீர்கள். தங்கச்சி பார்த்தது ஒன்றே ஒன்றுதான், அதிலும் இயற்பியல் பாகம் மட்டும்தான் தேய்ந்தது. உயிரியல் பாகம் இன்னும் புதுசாகவே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் இலவசமாகவே தருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் தருவேன்.