குழாய்நீரில் கரைப்பான் சோதனை: சேலத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் சேவை

சேலத்தில் குடிநீரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால், கடினத்தன்மை, ஃபுளோரைடு, கோலிஃபார்ம் பாக்டீரியா முதலியவை அடங்கிய பொதுத் தொகுப்பையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் டிரைக்குளோரோஎத்திலீன், உலர்சலவைக்குப் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன், தின்னரில் கலந்திருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் அந்தத் தொகுப்பில் வருவதில்லை. வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரும், கரைந்துள்ள உப்புகளின் மின்கடத்தலை மட்டுமே அளப்பதால், இவற்றைக் காட்டாது. பட்டறைகள் அருகிலுள்ள தெருவில் குழந்தைகளோடு குடியிருக்கும் எனக்கு இந்தச் சோதனை அவசியமாகப்பட்டது.

நான் அணுகிய தனியார் கூடத்தின் வரவேற்பில் முதலில் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் நீட்டினார்கள். இந்தக் கரைப்பான்கள் அடங்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனை என்று விளக்கிய பிறகு வேதியியலாளர் நேரில் வந்தார், அவர் காட்டிய அக்கறையே இந்தச் சேவையின் பெரிய பலம். டெஃப்லான் பூசிய மூடியுடன் கூடிய 40 மில்லி கண்ணாடிக் குப்பிகளைத் தந்து, குழாய் முனையிலுள்ள வடிகட்டியைக் கழற்றிவிட்டு, நீரை மெல்லிய தாரையாக விட்டு, விளிம்பில் ததும்பும்வரை நிரப்பி மூட வேண்டும் என்றும், கவிழ்த்துப் பார்க்கையில் ஒரு காற்றுக்குமிழிகூடத் தென்படக் கூடாது என்றும் செய்துகாட்டினார். குமிழி இருந்தால் கரைப்பான் அந்தக் காற்றுக்குள் ஆவியாகிப் போய், அளவு குறைவாகவே தெரியும். மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். கட்டணம் பொதுத் தொகுப்பைப்போல் பல மடங்கு.

மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரையும் போர்வெல் நீரையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னதும் சரியான யோசனை. மேல்தொட்டியில் இரண்டும் கலப்பதோடு, கரைப்பானில் ஒரு பகுதி அங்கேயே ஆவியாகிவிடுகிறது. டிரைக்குளோரோஎத்திலீன் நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. மண்ணில் சிந்தினால் கீழிறங்கிப் பாறைப் பிளவுகளில் தங்கிவிடக்கூடியது என்பதால், இந்தக் கடும்பாறை நிலத்தில் போர்வெல்லைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை இருந்தது.

குறை அறிக்கையில்தான். இரண்டு மாதிரிகளிலும் டிரைக்குளோரோஎத்திலீன் "கண்டறியப்படவில்லை" என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்ற எண் இல்லை. அந்த எண் இல்லாமல் அச்சொல்லுக்கு மதிப்பில்லை. கேட்ட பிறகு, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று குறித்துத் திருத்திய அறிக்கை தந்தார்கள். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500:2012இல் இந்தச் சேர்மத்துக்குத் தனி வரம்பு இல்லாததால், அமெரிக்காவின் 5 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்த 8 மைக்ரோகிராம் ஆகிய வரம்புகளோடு ஒப்பிட்டு நிம்மதியடைந்தேன். காவிரி நீரில் மட்டும் சிறிதளவு குளோரோஃபார்ம் இருந்தது. அது கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரின், நீரிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிவதால் உண்டாவது, இந்தியத் தரநிலையின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரம்புக்கு வெகு கீழே இருந்தது. இந்த விளக்கத்தையும் அறிக்கையிலேயே ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம். அந்தப் பெயரைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் பதறிவிட்டார்கள்.

பட்டறை, சாயக்கூடம், பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் அருகே போர்வெல் நீரைக் குடிப்பவர்களுக்கு இந்தச் செலவு தகும். பணம் கட்டுமுன், பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல் அந்தக் கூடத்துக்குத் தந்த அங்கீகாரப் பட்டியலில் நீரிலுள்ள ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இடம்பெற்றுள்ளனவா என்று கேட்டுப் பாருங்கள்.