இரண்டு தொட்டி, ஒரு மேசை: கிபுட்ஸில் ஓர் ஆண்டு

முதல் வாரமே தொட்டியை மாற்றிவிட்டேன். இறைச்சிக் குழம்பு அள்ளிய கரண்டியைப் பால் பாத்திரங்கள் கழுவும் தொட்டிக்குள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற சமையலறைப் பொறுப்பாளர் போட்ட சத்தத்தில், நான் கையைத்தான் வெட்டிக்கொண்டேனோ என்று குனிந்து பார்த்தேன். பாலும் இறைச்சியும் சேரக்கூடாது என்பது யூத உணவு விதி. அந்த ஒரு விதிக்காகச் சமையலறையில் சட்டி, கரண்டி, தொட்டி, துடைக்கும் துணி எல்லாமே இரண்டு இரண்டாக இருக்கின்றன. எனக்கு இது புதினமாகவே இருக்கவில்லை. எங்கள் அம்மம்மா வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. தொலைபேசியில் சொன்னபோது அம்மம்மா கேட்டது ஒன்றுதான்: “அப்ப ஏன் பிள்ளை மாத்திப் போட்டனீ?”

நான் யூதர் இல்லை. ரொறன்ரோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். 2018 செப்டெம்பரிலிருந்து 2019 ஓகஸ்ட் வரை இஸ்ரேலின் தெற்கே, அராவா பள்ளத்தாக்கில் ஒரு கிபுட்ஸில் தொண்டராக இருந்தேன். கிபுட்ஸ் என்றால் உழைப்பையும் வருமானத்தையும் பொதுவில் வைத்து வாழ்வதற்கு யூதக் குடியேறிகள் தொடங்கிய கிராமம். முதலாவது 1910இல் கலிலேயக் கடலோரம் உருவான தெகானியா. இன்று சுமார் 270 இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1980களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு ஆளுக்கு ஆள் சம்பளம் என்று மாறிவிட்டன. நான் இருந்தது மாறாமல் நின்ற சிலவற்றில் ஒன்று. 1967 போருக்குப் பிறகு வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கிபுட்ஸுகளுக்கு வந்தார்கள். அந்த வழக்கத்தின் வால்தான் எங்களைப் போன்ற தொண்டர்கள். பி4 என்ற தொண்டர் விசா, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக் காசு. சேமிக்கலாம் என்று நினைத்துப் போகவேண்டாம்.

எங்கள் விடுதிக்குப் பக்கத்து வீட்டில் யூத இளைஞர் இயக்கங்கள் வழியாக வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போகமுன் ஓர் ஆண்டு. அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று பல இடத்துப் பிள்ளைகள், எல்லாருக்கும் 18, 19 வயது. இந்த ஓராண்டு வழக்கத்தைச் சும்மா நினைக்கக்கூடாது. அருகிலுள்ள கெதூரா கிபுட்ஸை 1973இல் தொடங்கியவர்களே அப்படி ஓராண்டு வந்துபோன அமெரிக்க இளைஞர்கள்தான்.

வேலை பேரீச்சந் தோட்டத்தில். நான் போன நேரம் அறுவடை. விடியுமுன்னே எழும்பி, இயந்திர ஏற்றுமேடையில் ஏறி, குலைகளை இறக்கவேண்டும். பத்து மணிக்குமேல் 40 பாகை வெயில். மழை ஆண்டுக்கு 30 மில்லிமீட்டர் அளவுதான், அதையும் மழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலத்தில் முள் வெட்டு. பிறகு மகரந்தச் சேர்க்கை. பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பாமல் ஆண் மரத்து மகரந்தத்தைப் பெண் பாளைகளுக்கு மனிதர்களே கொண்டுபோய் இடுகிறார்கள். தாத்தா இருந்திருந்தால் ஒரு மணிநேரம் கேள்வி கேட்டிருப்பார். சாக்கடலோரம் உள்ள பழைய மசாதாக் கோட்டையில் கிடைத்த ஏறக்குறைய 2000 ஆண்டு பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் கெதூராவில் முளைத்தது. அந்த மரத்தைப் போய்ப் பார்த்தேன். ஆண் மரம். வேலிக்குப் பின்னால் சாதாரணமாக நின்றது. நான் திரும்பிய அடுத்த ஆண்டு, அதே வகைப் பழைய விதையில் முளைத்த பெண் மரம் ஒன்று அதன் மகரந்தத்தில் காய்த்தது என்று படித்தபோது, யாரோ தெரிந்தவர் வீட்டு விசேஷம்போல் இருந்தது.

படிப்பு இரண்டு வகை. வாரத்தில் இரண்டு மாலை எபிரேய மொழி வகுப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆசிரியர் மாறிக்கொண்டேயிருந்தார், நாங்கள் வேலைக் களைப்பில் தூங்கினோம். கடையில் சாமான் வாங்கவும் சமையலறையில் திட்டு வாங்கவும் போதுமான மொழி வந்தது, அவ்வளவுதான்.

மற்றது செவ்வாய் இரவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தோரா என்ற யூத வேதத்தையும், அதன் சட்டங்களைப் பற்றி அறிஞர்கள் நடத்திய விவாதங்களின் தொகுப்பான தல்மூதையும் பகுதி பகுதியாக வாசிக்கும் நேரம். ஒருநாள் தேத்தண்ணி கேட்டுப் போனவள், ஆண்டு முடியும்வரை போய்க்கொண்டிருந்தேன். படிக்கும் முறைக்கு ஹவ்ருதா என்று பெயர். இரண்டு பேர் ஒரு பக்கத்தை முன்னால் வைத்துச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் சண்டை போடுவது. மெல்லப் பேசினால் படிக்கவில்லை என்று அர்த்தம். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் திருக்குறளை மனப்பாடம் செய்தவள். வள்ளுவரோடு மல்லுக்கட்டலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தல்மூதில் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய ஆசான்களின் வழியினர் பக்கம் பக்கமாக மோதுகிறார்கள். முடிவு பெரும்பாலும் ஹில்லேல் பக்கம்தான். ஆனாலும் தோற்றவர்களின் வாதத்தை அழிக்காமல் கூடவே எழுதி வைத்திருக்கிறார்கள். அது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை. மொழி வகுப்பில் ‘துக்கி’ என்றால் கிளி என்று படித்திருந்தேன். ஒரு செவ்வாய், சாலமோன் அரசனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு ‘துக்கியீம்’ கொண்டுவந்தன என்ற வரி வந்தது. என் சோடி மான்செஸ்டர் பெண். “இங்கே இது கிளி இல்லை, மயில்” என்றாள். அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “இது உன் மொழிச் சொல்லாம், உனக்குத் தெரியுமா?” தோகை! அறிஞர்கள் பலர் அப்படித்தான் கருதுகிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் துக்கி.

வெள்ளிக்கிழமைகளைச் சொல்லவேண்டும். மத்தியானத்தோடு வேலை நின்றுவிடும். எல்லா வீடுகளிலும் கழுவித் துடைக்கும் சத்தம். பொழுதுபடும்போது யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத் தொடங்கும். அதை மணப்பெண்ணாக நினைத்து வரவேற்றுப் பாடுவார்கள். கடைசி அடி வந்ததும் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பிக் குனிவார்கள். ஒவ்வொரு வாரமும் நானும் யாராவது உண்மையாகவே வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுக்கோத் என்ற பந்தல் பண்டிகைக்குப் போட்ட பந்தலில் பேரீச்சை ஓலைக் கூரை. ஊர்க் கிடுகுபோல் அடர்த்தியாக வேய்ந்துவிடக் கூடாது, இடைவெளியில் நட்சத்திரம் தெரியவேண்டும். யோம் கிப்பூர் என்ற உபவாச நாளன்று நாட்டின் தெருக்களில் வாகனமே ஓடாது. எங்கள் சிறுவர்கள் நெடுஞ்சாலை 90இன் நடுவே சைக்கிள் விட்டார்கள்.

இனி, தொந்தரவான பகுதி.

பேரீச்சந் தோட்டத்தின் கனமான வேலையைச் செய்தவர்கள் தொண்டர்கள் அல்லர், தாய்லாந்துத் தொழிலாளர்கள். அராவா முழுக்கவே விவசாயம் பெரும்பாலும் அவர்கள் கையில். முள் வெட்டும் வாளை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று எனக்குக் காட்டித்தந்தவர் நாற்பது வயதுக்கார ஒரு தாய்லாந்து அண்ணன். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது பதினைந்து எபிரேயச் சொற்கள். அவர்கள் பழம் பொதி செய்யும் கொட்டகைக்குப் பின்னால் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார்கள். கிபுட்ஸின் பொதுக்கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. எனக்கும்தான் இல்லை, ஆனால் நான் பன்னிரண்டு மாதத்தில் போகிறவள்.

2019 ஏப்ரலில் பெசாக் விருந்து. எகிப்தில் அடிமையாக இருந்து வெளியேறிய கதையை, தானே வெளியேறியதுபோல ஒவ்வொருவரும் நினைக்கவேண்டும் என்று வாசிக்கிற இரவு. வாசித்து முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், “தோட்டத்தில் எங்களோடு வேலை செய்கிறவர்கள் ஏன் இந்த மேசையில் இல்லை?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். கொஞ்சநேரம் கரண்டிச் சத்தம்கூட இல்லை. “அழைத்தோம், வரவில்லை” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். “அழைப்பை எபிரேயத்தில் ஒட்டினோம்” என்றார் அவருடைய மனைவி. பிறகு தொடங்கியது பாருங்கள், நள்ளிரவு தாண்டியும் நடந்தது. யாரும் எழும்பிப் போகவில்லை. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் தாய் மொழியில் ஒரு தாள் தொங்கியது. அதற்குமேல் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மே 8ஆம் தேதி, போரில் இறந்தவர்களின் நினைவு நாள். காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் சைரன். உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் நின்றார்கள். நானும் நின்றேன். பத்து நாள் கழித்து மே 18, முள்ளிவாய்க்கால் முடிந்து பத்தாவது ஆண்டு. நான் அறையில் தனியாக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். இடையில் மே 15, 1948இல் வீடும் ஊரும் இழந்ததைப் பாலஸ்தீனர்கள் நினைவுகூரும் நக்பா நாள். அன்று எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள். எதைப் பற்றியும் விடியும்வரை சண்டை பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

சரி, போகலாமா என்று கேட்பவர்களுக்கு. நான் இருந்த நாடு இப்போது அப்படியே இல்லை. 2023 ஒக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் காசா எல்லையோரக் கிபுட்ஸுகளில் குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டார்கள். அங்கே வேலை செய்த தாய்லாந்துத் தொழிலாளர்களும் கொல்லப்பட்டார்கள், கடத்தப்பட்டார்கள். அதன் பிறகு காசாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் 7 செய்தி வந்த இரவு நான் முதலில் தேடியது வாள் பிடிக்கக் காட்டித்தந்தவரைத்தான். அவர் 2021இலேயே ஊர் திரும்பியிருந்தார். மான்செஸ்டர்க்காரியும் நானும் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் காணொளியில் ஒரு பக்கம் வாசிக்கிறோம். காசா விஷயத்தில் இரண்டு தடவை பேச்சு நின்றுபோனது, நான்கு மாதம், பிறகு ஆறு வாரம். இரண்டு தடவையும் அவள்தான் முதலில் எழுதினாள்: “துக்கி, எந்தப் பக்கத்தில் விட்டோம்?”

எந்த நாட்டில் இப்படி ஓர் ஆண்டுக்குப் போவதென்றாலும் பொறுப்பாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்? வகுப்பு வேலை நேரத்திலா, வேலை முடிந்த பிறகா? இடையில் விட்டுவர நினைத்தால் பயணச்சீட்டுக் காசு யாருடையது? அப்புறம், பேரீச்சந் தோட்டம் என்றால் தடித்த தோல் கையுறை இரண்டு சோடி சொந்தமாகக் கொண்டுபோங்கள். அங்கே தருவது ஆண்களின் அளவு. என் வலது பெருவிரலில் ஒரு முள் நுனி இன்னும் இருக்கிறது, குளிருக்குக் கொஞ்சம் வலிக்கும்.